சட்டிக்குப் பக்கத்தில் கிடார்



ராக் பாடகர் ஒருவரின் வாழ்க்கைக் கதை என்றால் முதல் அத்தியாயம் பெரும்பாலும் கண்ணீரில்தான் தொடங்கும். விட்டுவிட்டுப் போன அப்பா, வாடகை பாக்கி, பாதியில் நின்ற படிப்பு. பிறகு ஒரு நாள் கிடார் கைக்கு வரும். பட்ட கஷ்டமெல்லாம் பாட்டாகிவிடும். நம் வடசென்னைப் பாடகர்களைப் பற்றியும் இப்படியே பேசுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கஷ்டம் யாருக்கும் தாளம் சொல்லிக் கொடுப்பதில்லை. தாளம் எங்கே படித்தார்கள், யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால்தான் அந்தக் கலையின் மதிப்பு தெரியும்.

இசைவாணி ராயபுரத்தில் வளர்ந்தவர். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் பெண் குரல். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் ‘சாதி பேதமற்ற’ என்று எழுதியதிலிருந்து பெயர் எடுத்தார்கள். வடசென்னைத் தெருப் பாட்டான கானா, ராக், ராப் மூன்றும் ஒரே மேடையில். கிடாருக்கும் டிரம்ஸுக்கும் பக்கத்திலேயே சட்டி, கட்டமோளம், பறை என்ற நம் மேளங்கள். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இசைவாணியின் பெயர் வந்தது.

அவரைப் பற்றிப் பேசும்போது வறுமைதான் முன்னால் வந்து நிற்கிறது. பண நெருக்கடி இருந்தது உண்மை. அவருடைய அப்பாவும் இசைக்கலைஞர், சின்ன வயதிலிருந்தே மகள் மெல்லிசை மேடைகளில் பாடியவர் என்பதை மட்டும் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரியில்தான் எல்லாமே இருக்கிறது.

ஆடி மாதம் காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற தெருவில் எல்லாம் ஒரு மேடை. எடுத்த எடுப்பில் சாமிப் பாட்டு. அப்புறம் பழைய பாட்டு, அப்புறம் குத்துப் பாட்டு. கீழேயிருந்து துண்டுச் சீட்டில் பாட்டின் பெயரை எழுதி அனுப்புவார்கள். ஒத்திகை கிடையாது. கீபோர்டுக்காரர் சுருதி காட்டுவார், அந்த நொடியில் பிடித்துக்கொள்ள வேண்டும். தன் குரல் தனக்கே கேட்காத மேடையில், முன்வரிசைப் பசங்களின் விசிலையும் சமாளித்து, கடைசி நாற்காலியில் இருக்கிற ஆயாவையும் எழுந்து போகவிடாமல் உட்கார வைக்க வேண்டும். சிறு வயதிலிருந்தே இப்படிப் பழகிய குரல் கிடார் இரைச்சலுக்கு நடுவிலும் சொல் தெளிவாகப் பாடுகிறது என்றால், அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

கானாவுக்கு இன்னொரு பள்ளிக்கூடம் சாவு வீடு. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஷாமியானாவுக்குக் கீழே பாடகர் வந்து உட்காருவார். பாட ஆரம்பிக்கும் முன் ஓர் உறவுக்காரரைத் தனியே கூப்பிட்டு மெதுவாக விசாரிப்பார். பெரியவர் பேர் என்ன? ஹார்பரில் வேலையா, லாஞ்சுக்குப் போனவரா? எத்தனை பிள்ளைகள்? எந்தப் பேரன் மேல் உயிரையே வைத்திருந்தார்? கால் மணி நேரத்தில் அந்தப் பெயர்களெல்லாம் எதுகையோடு பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். டோலக்கோ சட்டியோ, அதுவும் இல்லாவிட்டால் மேஜையில் விரல்களோ தாளம் போடும். விடியும்வரை தூங்காமல் உட்கார்ந்திருக்கும் ஜனத்தை அழவைக்க வேண்டும்; நடுநடுவே சிரிக்கவும் வைக்க வேண்டும். ஒரே மெட்டில் ஐந்து நிமிஷம் இழுத்தால் டீ குடிக்க எழுந்து போய்விடுவார்கள். மூச்சை எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை அடுத்த தாளம்வரை தள்ளிப்போடுவது என்பதெல்லாம் அந்த ராத்திரிகளில்தான் கைவந்தது.

கானா பாலா இந்த மரபில் வந்தவர். பெற்றோரை இளம் வயதில் இழந்தவர். முதலில் ‘அநாதை’ பாலா என்ற பெயரில்தான் பாடினார். சட்டம் படித்த வழக்கறிஞரும்கூட. 2012இல் ‘அட்டகத்தி’ படம் அவரை ஊரறியச் செய்தது. 2014இல் ‘மெட்ராஸ்’ படத்தில் அவர் பாடிய மரணப் பாட்டைக் கேட்கும்போது, ஒரு கேள்விக்குமேல் இன்னொரு கேள்வியாக அடுக்கும் வக்கீலின் பேச்சுத்திறன் எனக்குக் கேட்கிறது. அநாதை என்பதைத் தெரிந்துகொண்டு மனம் கசிகிற நாம் இந்தத் திறமையைக் கவனிக்கத் தவறுகிறோம்.

பெண்கள் விஷயம் தனி. அதே சாவு வீட்டில் பெண்கள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். ஆண்கள் தெருவில் கானா பாடுவார்கள். இரண்டிலும் இறந்தவரை நேரே கூப்பிட்டுப் பேசுவதுதான் முறை. நடுவில் இருப்பது வாசற்படி ஒன்றுதான். ஆனாலும் பெண் கானா பாடுவதா என்று ஊர் கேட்டது. இசைவாணி கானா பாடத் தொடங்கியதன் பெருமை, அந்த வாசற்படியைத் தாண்டியதில் இருக்கிறது.

வடசென்னைத் துறைமுகத்தை விட்டு இன்னொரு துறைமுகத்தையும் பார்ப்போம். லிவர்பூலில் கப்பல்துறையை ஒட்டிய டிங்கிள் என்ற ஏழைகளின் பகுதியில் 1940இல் பிறந்தவர் பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார். கைக்குழந்தைப் பருவம் கழிந்த கொஞ்ச நாளிலேயே அப்பா பிரிந்து போனார். அம்மா மதுக்கடையில் வேலை பார்த்துக் காப்பாற்றினார். ஆறு வயதில் ரிங்கோ குடல்வால் நோய் முற்றி நினைவிழந்து கிடந்தார். பதின்மூன்று வயதில் காசநோய், ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு சின்ன வாத்தியக் குழு நடத்தினார்கள். நூல்கண்டுக் கட்டையைக் கோலாக வைத்துக்கொண்டு, கட்டிலை ஒட்டியிருந்த அலமாரியில் தட்டித்தான் அவர் தாளம் பழகினார். 1957 கிறிஸ்துமஸுக்கு அம்மாவின் இரண்டாம் கணவர் ஒரு பழைய டிரம்ஸ் செட் வாங்கிக் கொடுத்தார். பீட்டில்ஸ் அதற்கப்புறம். நோயில் படுத்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ரிங்கோவுக்கு நோயோடு ஒரு வாத்தியக் குழுவும் ஒரு டிரம்ஸும் கிடைத்தன.

நம் ஊர்ப் பாட்டின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாட்டுகள் சிலவற்றில் கிடார் சட்டியை விழுங்கிவிடுகிறது. மெல்லிய குச்சிகளால் அடிக்கிற சட்டியின் சத்தம் கூர்மையானது; அதற்கு இடம் விட்டால்தான் காதில் விழும். கிடார் ஒதுங்கி நின்று, சட்டி முன்னே ஓட, குரல் அதன்மேல் ஏறுகிற இடங்கள்தான் அவர்களுடைய சிறந்த இடங்கள். இன்று போனில் சுற்றும் கானாக்களில் காதலை மறுத்த பெண்ணை மிரட்டும் பாட்டுகளும் ஏராளம். அவற்றை ஏழைகளின் குரல் என்று தட்டிக்கொடுக்க என்னால் முடியாது. கலையாக மதிக்கிறோம் என்றால் கண்டிக்கவும் வேண்டும்.

வடசென்னையில் கற்றுக்கொள்ளச் சாவு வீடும் ஆடித் திருவிழாவும் இருக்கின்றன. தனியே உட்கார்ந்து பழகுவதற்கு இடம்தான் இல்லை. பத்துக்குப் பத்து வீட்டில் தம்பி தங்கை தூங்கும்போது டோலக்கைத் தொட முடியுமா? அரசு இசைக் கல்லூரியும் பெரிய சபாக்களும் கூவத்துக்குத் தெற்கே. 2020 முதல் நடக்கும் ‘மார்கழியில் மக்களிசை’ விழா நல்ல மேடைதான். மேடைக்கு முன்னால் பயிற்சி வேண்டுமே! திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் சமுதாய நலக்கூடத்தில் ஓர் அறையை மாலை நேரங்களில் இதற்கென ஒதுக்கலாம். ஒரு டிரம்ஸ் செட், இரண்டு டோலக், ஒரு சட்டி, ஓர் ஆம்ப்ளிஃபயர் போதும். சொல்லிக் கொடுக்க அந்தத் தெருவிலேயே மூத்த கானாக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். வாரத்தில் இரண்டு மாலை பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்தால், அம்மாக்கள் தயங்காமல் அனுப்புவார்கள்.