‘பிலாங்’ என்னும் ஒரு சொல்



விமான நிலையங்களில் ஓயாது ஒலிக்கும் அறிவிப்புகளுள் ஒன்று, பயணிகள் தத்தம் ‘பிலாங்கிங்ஸ்’ மீது கண்ணாயிருக்க வேண்டும் என்பதாகும். பெட்டி, பை, குடை, கைப்பேசி யாவும் அச்சொல்லுள் அடங்கும். அந்த அறிவிப்பைக் கேட்டவாறே விமானம் ஏறிச் சென்ற மகன், ஓராண்டு கழித்துத் தொலைபேசியில் தாயிடம், “ஐ டோன்ட் பிலாங் ஹியர்” என்கிறான். பெட்டிக்கும் மனத்துக்கும் ஒரே சொல். அந்தச் சொல் எவ்வாறு இத்தனை சுமைகளைத் தாங்குகிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஒன்றோடு ஒன்று சேர்ந்து வருதல், ஒன்றற்கு உரியதாய் அமைதல் என்பதே அதன் பழம்பொருள். இன்றைய வழக்கில் பேனா ஒருவனுக்குப் ‘பிலாங்’ ஆகிறது. அவனோ ஒரு சங்கத்திற்குப் ‘பிலாங்’ ஆகிறான். திமிங்கிலம் பாலூட்டி இனத்திற்குப் ‘பிலாங்’ ஆகிறது. முன்னையது உடைமை, மற்றவை உறுப்பாந்தன்மையும் வகையும். தட்டு அலமாரியில் ‘பிலாங்’ ஆகிறது என்றால், அலமாரி தட்டுக்கு உடையவன் அன்று. தட்டுக்குரிய இடம் அதுவே என்பது பொருள். பூங்காவில் வழிதவறி அழும் குழந்தையைக் கண்டு, இது யாருக்குப் ‘பிலாங்’ என்று ஆங்கிலேயர் வினவுவதும் உண்டு. அக்குழந்தையை எவரும் விலைகொடுத்து வாங்கவில்லை.

நம்மவர் “ஐ ஆம் பிலாங்கிங் டு வந்தவாசி” என்பது பிழையெனப் பள்ளிகளில் திருத்தப்படுகிறது. அவ்வினை நிலையைக் குறிப்பதாகலின் தொடர்வினை வடிவம் ஏலாது. திருத்திய பின்னும் அது இந்திய வாடை வீசுவதே. ஊர் சொல்ல வரும் ஆங்கிலேயர் பெரும்பாலும் ‘ஃப்ரம்’ என்பர். ஆயினும் நம் வழக்கில் ஓர் அழகுண்டு. ஊரை விட்டு வந்தவனாகத் தன்னைச் சொல்லாமல், ஊருக்கு உரியவனாகச் சொல்கிறான் அவன்.

தமிழிலும் இம்மயக்கம் இல்லாமல் இல்லை. வீட்டுக்குச் ‘சொந்தக்காரர்’ என்றால் உடையவர். கலியாணத்துக்கு வந்த ‘சொந்தக்காரர்’ என்றால் உறவினர். எனினும் நம் இலக்கணிகள் கிழமைப் பொருளைக் கூர்ந்து பகுத்தனர். சமண முனிவராகிய பவணந்தியார் நன்னூலில் ஆறாம் வேற்றுமையைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இருகூறாக்கினார். சாத்தனது கை அவனின்று பிரியாதது. முருகனது வேல் அவனின் வேறாய பொருள். ஆங்கிலத்தின் ‘பிலாங்’ இவ்விரண்டற்கும் இடையே வேலி இடுவதில்லை.

வேலி இல்லாமையால் நேர்வது என்ன என்பதற்கு இலண்டன் நீதிமன்ற வழக்கொன்று சான்று. ஜேம்ஸ் சாமர்செட் என்பவர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு அமெரிக்கக் குடியேற்ற நாட்டில் விற்கப்பட்டவர். அவரை விலைக்கு வாங்கிய சார்லஸ் ஸ்டூவர்ட் 1769இல் இங்கிலாந்துக்கு அழைத்து வந்தார். 1771இல் சாமர்செட் தப்பினார். பிடிபட்டு, ஜமைக்கா செல்லும் கப்பலில் விலங்கிடப்பட்டார். அங்கே மீண்டும் விற்பது ஸ்டூவர்ட்டின் எண்ணம். இங்கிலாந்தில் சாமர்செட் திருமுழுக்குப் பெற்றிருந்தார். அந்தச் சடங்கில் ஞானப்பெற்றோராய் நின்றவர்களே நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுச் செய்தனர்.

ஒரே மனிதர், உரிமை கொண்டாடியவர் இருதிறத்தார். ஒருவர்க்கு அவர் உடைமை, மற்றவர்க்கு உறவு. ஆங்கிலத்தில் இருவரும் ‘பிலாங்’ என்ற சொல்லையே ஆளலாம். இலக்கணப்படி இருவர் கூற்றிலும் பிழையில்லை. 1772 ஜூன் 22 அன்று நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு, அவரை வலிந்து நாடு கடத்தச் சட்டத்தில் இடமில்லை என விடுவித்தார். குடியேற்ற நாடுகளின் அடிமை முறை அதனால் ஒழிந்துவிடவில்லை. அதற்கான சட்டம் 1833இல்தான் வந்தது.

கரிபியன் கடலிலுள்ள பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் இக்கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. அத்தீவினருள் பெரும்பாலோர் அவ்வாறு விற்கப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள். அங்கே மண்ணுக்குரியவரைச் சட்டம் ‘பிலாங்கர்’ என்றே அழைக்கிறது. பிலாங்கர் அல்லாதார் அங்கு நிலம் வாங்க அரசின் உரிமம் பெற வேண்டும். முன்னோர் பிறர்க்கு உடைமையாய் இருந்த தீவில், இன்று மண்ணுக்கு உரியவர்க்கே அம்மண் தடையின்றி உடைமையாகிறது.

தொலைபேசியில் பேசிய மகனின் தொடரில் ‘டு’ என்னும் இடைச்சொல் இல்லை. உடையவரும் இல்லை, உடைமையும் இல்லை. ‘இங்கே’ என்னும் இடம் மட்டுமே உண்டு. ஊரில் உள்ள பாட்டிக்கு அதைத் தமிழில் சொல்ல நேர்ந்தால், “இந்த இடம் எனக்கு ஒட்டவில்லை” என்பான். கேட்கும் பெற்றோர் உடனே சம்பளத்தையும் வீட்டு வாடகையையும் விசாரிக்கத் தொடங்குகின்றனர். அவை யாவும் ‘பிலாங்கிங்ஸ்’. மாலையில் யாரோடு அமர்ந்து உண்கிறான் என்பதை எவரும் கேட்பதில்லை.