வாளை வைத்துவிட்டு இலக்கணம் படித்தவர்

(ஜூபிலி விழாவையொட்டி நடந்த தேவ அழைத்தல் நாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நல்ல உத்தியோகத்தில் இருக்கும் மகன், "வேலையை விட்டுவிட்டுக் குருமடத்தில் சேரப்போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் அழுகை கேட்கும். அந்தக் கண்ணீரைப் பக்திக் குறைவு என்று நான் எண்ணுவதில்லை. அவன் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது.

புனித இஞ்ஞாசியார் வீட்டிலும் இதுதான் நடந்தது. நவார் நாட்டு ராஜப்பிரதிநிதியிடம் சேவகம் செய்தவர் அவர். 1521-ல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தது. படுக்கையில் கிடந்தபோது ஆண்டவருடைய சரித்திரத்தையும் புனிதர்களின் சரித்திரத்தையும் வாசித்து மனந்திரும்பினார். மறு வருஷம் வீட்டைவிட்டுப் புறப்படுகையில், அவருடைய தமையனார் அவரை அறை அறையாக அழைத்துச் சென்று, எல்லோரும் அவர்மேல் வைத்த நம்பிக்கையைப் பாழாக்க வேண்டாமென்று மன்றாடினார். இஞ்ஞாசியாரோ மொன்செராத் திருத்தலம் சென்று, தமது வாளைத் தேவமாதாவின் பீடத்தில் வைத்துவிட்டார்.

வாளை வைக்க ஓர் இரவு போதும். படிப்போ பதினொரு வருஷம் பிடித்தது! ஆன்மாக்களுக்கு உதவக் கல்வி வேண்டும் என்று உணர்ந்து, 1524-ல், ஏறக்குறைய 33-ஆம் வயதில், பார்சிலோனாவில் லத்தீன் இலக்கணம் தொடங்கினார். மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் இனிய ஞான சிந்தனைகள் வந்து பாடத்தை மறக்கடித்தன. ஜெபத்திலும் பூசையிலும் வராத உருக்கம் பாட நேரத்தில் மட்டும் வருவானேன்? இது சோதனையே என்று கண்டுகொண்டார். ஆசிரியரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று, ரொட்டியும் தண்ணீரும் கிடைக்குமட்டும் இரண்டு வருஷம் வகுப்புக்குத் தவறமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். 1528-ல் பாரிஸ் சென்றபோது அஸ்திவாரம் போதாதென்று கண்டு, சிறுவர்களோடு அமர்ந்து மறுபடியும் இலக்கணம் படித்தார். 1535-ல் பட்டம் பெற்றார், 1537-ல் குருவானார்.

வாலிபர்களே, மேலதிகாரியின்மேல் கோபத்தால் வேலையை விடுவது அழைத்தல் ஆகாது. மறுபடியும் கடைசி பெஞ்சில் மாணவனாக உட்கார மனம் இருக்கிறதா என்று உங்களையே கேளுங்கள். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி, குருத்துவத்திற்குத் தத்துவமும் வேதசாஸ்திரமும் குறைந்தது ஆறு வருஷம் படிக்கவேண்டும். தீர்க்க முடியாத கடன் உள்ளவரைத் துறவற சபையின் நவசந்நியாசத்தில் சேர்க்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. கடமையிலிருந்து தப்பி ஓடுவதற்குக் குருமடம் மறைவிடம் அல்ல.

பெற்றோரே, மகனைச் சோதித்துப் பாருங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் வழியை அடைக்காதீர்கள். பாரிஸில் இஞ்ஞாசியாரோடு ஒரே அறையில் தங்கியவரே சவேரியார். 1542-ல் நமது முத்துக்குளித்துறைக்கு வந்தவர் அவர்தாம். இஞ்ஞாசியார் தமையன் சொல் கேட்டு வீட்டிலேயே இருந்திருந்தால், சவேரியாரை யார் ஏவியிருப்பார்?

பங்கு மக்களே, உங்களுக்கும் பங்கு உண்டு. பார்சிலோனாவில் ஆசிரியர் ஆர்தெவோல் கூலி வாங்காமல் கற்றுக்கொடுத்தார். இசபெல் ரோசர் அம்மாள் செலவைத் தாங்கினார். வயது சென்று அழைத்தலை உணர்வோருக்குச் சொல்லாலும் செயலாலும் உதவும்படி குருக்களாகிய எங்களுக்குச் சட்டமே கட்டளையிடுகிறது. நாம் சேர்ந்து செய்வோம். படிக்கப்போகும் மகனுக்காக மாதம் ஒருமுறை ஜெபமாலை சொல்லுங்கள். அவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றும் எட்டிப் பாருங்கள். அதுவே இந்த ஜூபிலிக்கு நாம் ஆண்டவருக்கு வைக்கும் காணிக்கை.

இறைவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.