முதல் ஆர்டரும் 45 நாளும்



இன்று பட்டமளிப்பு விழா நடக்கும் இந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் தொழில்முனைவோர் மையம் நிறுவனங்கள் கொடுத்த நிதியில் நடக்கிறது. அந்த நிதியைப் பற்றியும், அதோடு சேர்ந்து வரவேண்டிய வேறு சிலவற்றைப் பற்றியும் பேச விரும்புகிறேன்.

தொழில் செய்து சம்பாதித்தவர்கள் கல்விக்குக் கொடுப்பது கோவைக்குப் புதிதல்ல. 1926-இல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வரும் குடும்பச் சொத்தை ஐந்து பாகமாகப் பிரித்து, ஐந்தாவதை அறத்துக்கு எழுதிவைத்தார்கள். 1951-இல் அவர்கள் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியின் வளாகத்திலேயே பம்பும் மோட்டாரும் செய்து விற்கும் தொழிற்கூடமும் இயங்கியது. வகுப்பில் உலோகவியல் படிக்கும் மாணவன், பக்கத்துக் கொட்டகையில் வார்ப்படம் பொத்தலாக வந்தால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்க முடிந்தது. பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை வைத்துத் தொழிலுக்கு வந்த ஜி.டி. நாயுடு, 1945-இல் முன்நின்று தொடங்கிய கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. எந்தச் சட்டமும் சொல்லாமலே இவர்கள் செய்தார்கள்.

இப்போது சட்டம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தில் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு நிகர லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. கல்வியும் திறன் பயிற்சியும் அந்தப் பணிகளின் பட்டியலில் உண்டு. அதனால்தான் இன்று கல்லூரிக்குக் கல்லூரி தொழில் யோசனைப் போட்டி நடக்கிறது; பெரிய அட்டையில் அச்சடித்த காசோலையோடு படம் எடுக்கிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். கூச்சப்படும் ஒரு மாணவி மேடையேறித் தன் யோசனையைப் பத்து நிமிடம் எடுத்துச் சொல்வதே பெரிய காரியம். ஆனால் அடுத்த திங்கட்கிழமை அவள் எங்கே போவாள்?

இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல பதில் கிடைத்திருக்கிறது. 1992-இல் ஜே.ஆர்.டி. டாடா தலைமையில் பாரதிய யுவ சக்தி அறக்கட்டளை தொடங்கியது. பிணை கொடுக்க வழியில்லாத இளைஞர்களுக்கு வங்கிக் கடன் பெற்றுத் தருவது அதன் வேலையில் ஒரு பாதி. மறுபாதி, ஒவ்வொருவருக்கும் தொழில் அனுபவமுள்ள ஒரு வழிகாட்டியைத் துணைக்கு அனுப்புவது. என் கணக்கில் இரண்டாவதுதான் பெரிது.

ஏன் என்று சொல்கிறேன். கோவை கணபதியில் பம்ப் ஷாஃப்ட் கடைசல் செய்யும் ஒரு இளம்பெண்ணின் பட்டறைக்கு, ஓய்வு பெற்ற உற்பத்தி மேலாளர் ஒருவரோடு போயிருந்தேன். அந்தப் பெண் திட்ட அறிக்கையை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “கரன்ட் பில் கொண்டு வாம்மா. ரிஜெக்ட் ஆன பீஸ் எல்லாம் எங்கே போட்டிருக்கே?” என்று கேட்டார். மூலையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிறையக் கிடந்தது. அதை எடைபோடச் சொன்னார். அவள் பீஸுக்குப் போட்டிருந்த விலையில் ராடு விலை இருந்தது, லேத் கூலி இருந்தது, பத்து சதவீத லாபமும் இருந்தது. அந்தத் தொட்டி இல்லை. தேய்ந்துபோகும் இன்சர்ட் இல்லை, டெம்போ வாடகை இல்லை. பில் பணம் வரும்வரை அவள் கட்டும் வட்டி இல்லை. அவளுடைய சம்பளமும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது ஒவ்வொரு பீஸையும் அவள் நஷ்டத்துக்கு விற்றுக்கொண்டிருந்தாள். ராப்பகலாக உழைத்தும் ஏன் கையில் காசு நிற்கவில்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

நிறுவனத் தலைவர்களே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். காசோலையோடு ஆளையும் அனுப்புங்கள். விளம்பரப் பிரிவிலிருந்து வேண்டாம். காஸ்டிங் தெரிந்தவரை, தரக் கட்டுப்பாட்டில் தலை நரைத்தவரை மாதம் ஒரு நாள் அனுப்புங்கள். அடுத்து, உங்கள் சப்ளையர் பட்டியலில் புதியவருக்கு ஒரு இடம் கொடுங்கள். மூன்றாண்டு அனுபவம் இருந்தால்தான் ஆர்டர் என்றால், அந்த மூன்றாண்டை அவர் எங்கே போய்ச் சம்பாதிப்பார்?

பணத்தைக் கெடுவுக்குள் கொடுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்த வட்டியைக் கேட்டு வாங்கிய பட்டறைக்காரர் எத்தனை பேர் என்று இந்த ஊரில் விசாரித்துப் பாருங்கள். கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் அவர்கள் வாயைக் கட்டிவிடுகிறது. ஒரு கையால் இளைஞருக்குத் தொழில் பயிற்சி அளித்துவிட்டு, மறு கையால் அவருடைய பில்லை நான்கு மாதம் பிடித்துவைத்தால் அந்தப் பயிற்சிக்குப் பொருளே இல்லை. நல்ல தயாரிப்பு கையில் இருந்தும், வரவேண்டிய பணம் வராததாலேயே மூடிய பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பிள்ளைகளே, உங்களில் பெரும்பாலோர் வேலைக்குத்தான் போவீர்கள். அதில் குறைவொன்றும் இல்லை. சிலர் கொள்முதல் பிரிவில் உட்காருவீர்கள், சிலர் கணக்குப் பிரிவில். உங்களோடு படித்த ஒருவரின் பில் உங்கள் மேசைக்கு வரும். சரக்கு வந்து, சோதனையும் முடிந்து, எல்லாம் சரியாக இருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். தாமதப்படுத்தச் சொல்லி மேலிருந்து வாய்மொழி உத்தரவு வந்தால், சட்டம் சொல்லும் நாள் கணக்கை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். வருமான வரிச் சட்டத்தில் செய்த திருத்தத்தையும் சேர்த்துச் சொல்லலாம்: குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, பின்னால் கொடுத்து முடிக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும்.

சொந்தமாகத் தொழில் தொடங்கும் சிலருக்கு ஒரு வார்த்தை. முதல் பில் போடுவதற்கு முன்பே, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள். இணையத்தில் ஆதார் எண்ணைக் கொண்டு நீங்களே செய்யலாம், கட்டணம் கிடையாது. நான் சொன்ன 45 நாள் பாதுகாப்பைக் கேட்டுப் பெற அந்தப் பதிவு வேண்டும். பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லின் தலைப்பிலும் அச்சடியுங்கள்.

முன்வரிசையில் இருக்கும் தலைவர்கள் மதிய உணவுவரை இங்கேதான் இருப்பார்கள் என்று துணைவேந்தர் சொன்னார். அவர்களோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த கையோடு, அவர்கள் கம்பெனியில் புதிய சப்ளையர்களைச் சேர்ப்பவர் யார், அவருடைய போன் நம்பர் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.