காற்றும் வெயிலும்: ஆங்கிலப் பழமொழிகளில் உழைப்பு



ஆங்கிலப் பழமொழிகள் உழைப்பைப் பற்றி நமக்கு என்ன கற்பிக்கின்றன என்று பேசும்படி வட்டத்தார் பணித்தபோது, தமிழ் கற்பிக்கும் எனக்கு இத்தலைப்பு எவ்வாறு பொருந்தும் என்று முதலில் தயங்கினேன். ஆயினும் பழமொழி ஆய்வில் நம் மொழிக்கும் ஆங்கிலத்திற்கும் பழைய உறவு ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பீட்டர் பெர்சிவல் பாதிரியார் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1842-இல் நூலாக வெளியிட்டார். 1874-இல் அது ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளுடன் விரிவுபெற்றது. அவர் நம்முடையதை அங்கே கொண்டு சென்றார். இன்று அவர்களுடையதை இங்கே சற்று இறக்கிப் பார்ப்பதில் தவறில்லை.

‘வெயில் காயும்போதே புல்லை உலர்த்து’ என்பது ஆங்கிலேயர் நாவில் மிகுதியாகப் பழகிய ஒன்று. ஜான் ஹேவுட் என்னும் நாடக ஆசிரியர் 1546-இல் வெளியிட்ட பழமொழி நூலிலேயே இது காணப்படுகிறது. நம் மொழிபெயர்ப்பாளர் சிலர் இங்கே ‘வைக்கோல்’ என்று எழுதிவிடுவர். அது பொருந்தாது. வைக்கோல் கதிர் அடித்தபின் எஞ்சும் தாள். ஆங்கிலேயர் கூறுவதோ குளிர்காலத்தில் கால்நடைகளுக்கென்று கோடையில் அறுத்துக் காயவைக்கும் புல். இங்கிலாந்தில் தொடர்ந்து வெயில் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஈரம் போகாமல் அடுக்கினால் புல் பூஞ்சை பிடிக்கும். உள்ளே சூடேறிப் போர் தானே தீப்பற்றுவதும் உண்டு. ஆகவே அவர்களுக்கு வெயில் செல்வம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாமோ அதே கருத்தைக் காற்றின்மேல் ஏற்றி, ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்றோம். என் அன்னையார் களத்துமேட்டில் முறத்தை உயர்த்திப் பிடித்தபடி, வேப்பமரத்து இலை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார். காற்று வந்ததும் கை தாழும். மணி காலடியில் குவியும், பதர் தள்ளிப்போய் விழும். காற்று நின்றால் கையும் நின்றுவிடும். அந்த நிற்றலும் உழைப்பின் ஒரு பகுதியே என்பதை ஆங்கிலேயரின் பழமொழியும் நம் பழமொழியும் ஒருசேர அறிந்திருக்கின்றன. அறுவடை இயந்திரம் வந்தபின் தூற்றுதல் அருகிவிட்டது. பழமொழி மட்டும் பிழைத்து, பதவியில் இருப்பவன் பொருள் சேர்ப்பதைக் குறிக்கும் கேலிச் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. ஆங்கிலத்திலும் இதற்கு ஏறத்தாழ இதே கதிதான்.

‘காலத்தில் இட்ட ஒரு தையல் ஒன்பது தையலைக் காக்கும்’ என்பது மற்றொன்று. மருத்துவர் தாமஸ் புல்லர் 1732-இல் வெளியிட்ட தொகுப்பில் இது இடம்பெற்றுள்ளது. ஏன் ஒன்பது? கணக்குப் பார்த்துச் சொன்னதன்று. ‘டைம்’ என்பதோடு ‘நைன்’ ஏறத்தாழ இயைகிறது, அவ்வளவே. ஊசி பிடித்த கை சொன்ன சொல் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பற்று உண்டு.

இவையெல்லாம் வயலிலும் வீட்டிலும் பிறந்தவை. ‘நேரமே பணம்’ என்பது வேறு இனம். பெஞ்சமின் பிராங்க்ளின் 1748-இல் இளம் வணிகனுக்குக் கூறும் அறிவுரையாக எழுதியது அது. இங்கே காற்றும் இல்லை, வெயிலும் இல்லை, கடிகாரம் இருக்கிறது. இன்று ஆக்கத்திறன் என்று பலரும் பேசுவது பெரும்பாலும் இந்தக் கடிகாரத்தைத்தான்.

தொல்காப்பியர் செய்யுளியலில் முதுமொழிக்கு இலக்கணம் வகுக்கும்போது, நுட்பம், சுருக்கம் முதலியவற்றைக் கூறிய பின், கருதிய பொருளை நிலைநாட்டுதற்குரிய காரணமாக வருவது அது என்று குறிப்பார். இக்கருத்து ஊன்றி நோக்கத்தக்கது. பழமொழி தானே ஓர் உண்மை அன்று. ஒருவர் தம் கருத்தை நிறுவக் கையில் எடுக்கும் கருவி. அதனால்தான் ‘பதறாத காரியம் சிதறாது’ என்பதும் ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்பதும் ஒரே வாயில் வாழ்கின்றன. ஆங்கிலத்திலும் ‘பல கை சேர்ந்தால் பணி எளிது’ என்பதும் ‘சமையற்காரர் பலரானால் சாறு கெடும்’ என்பதும் பகையின்றி உடன் வாழ்கின்றன. எதை, யார், யாரிடம் சொல்கிறார் என்பதே கேள்வி.

இதை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், முதல் பாடவேளைக்கு நாள்தோறும் இருபது நிமிடம் தாமதமாக வந்த மாணவி ஒருத்தியை வகுப்பின் முன் நிறுத்தி, ‘முந்தி எழும் பறவைக்கே புழு கிடைக்கும்’ என்னும் ஆங்கிலப் பழமொழியைச் சொல்லிக் கடிந்துகொண்டேன். கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூரிலிருந்து வருபவள் அவள். “நாலு மணிக்கே எழுந்துடுறேம்மா. பால் கறந்து சங்கத்துல ஊத்திட்டு, தம்பிக்குச் சோறு கட்டிட்டு ஓடி வர்றேன். பஸ்ஸுதாம்மா லேட்டு” என்றாள். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று ஆறு மணிக்கு எழுந்த நான் நான்கு மணிக்கு எழுந்தவளுக்குச் சுறுசுறுப்பைப் போதித்திருக்கிறேன்.

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ள வட்டாரம் நம்முடையது. வெட்டிய கரும்பு காத்துக்கிடந்தால் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும் என்பதைக் கரும்பு விவசாயிக்கு எந்தப் பழமொழியும் சொல்லத் தேவையில்லை. அவருக்கு வேண்டுவது வெட்டு உத்தரவும் வண்டியும் உரிய நாளில் வருவதே. ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்பது அவரே தமக்குச் சொல்லிக்கொள்வது. அக்கணக்கிலும் உழுதவன் வருகிறான். நட்டவளும் களையெடுத்தவளும் வருவதில்லை என்பதை இங்குள்ள தாய்மார்கள் கவனித்திருப்பீர்கள்.

வட்டத்தார்க்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. பெர்சிவல் நூலில் பழமொழி இருக்கிறது, பொருள் இருக்கிறது. சொன்னவர் யார் என்பது இல்லை. நம் ஊர்களிலும் மலையூர்களிலும் உழைப்பைப் பற்றி வழங்குவனவற்றை, யார் யாரிடம் எப்போது சொன்னார் என்ற குறிப்போடு திரட்டுவோம். நான் குறிப்பிட்ட அந்த மாணவியே ஒரு குறிப்பேட்டில் இதைத் தொடங்கிவிட்டாள். அதன் முதல் பக்கத்தில் புழுவும் பறவையும் இருக்கின்றன. சொன்னவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறாள்.