ஒரு வாய்த் தண்ணீர்

(குணமாக்கும் ஊழிய ஞாயிறன்று, ஆராதனைக்குப் பின் சபையாரிடம் ஆற்றிய உரை)



மருத்துவமனையிலிருந்து பேச வந்திருக்கிறார்கள் என்றால் புதிய கட்டடத்தைப் பற்றியோ இயந்திரத்தைப் பற்றியோதான் இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். நாங்கள் பேச வந்திருப்பது எச்சிலைப் பற்றி. சிலர் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

எங்கள் முதியோர் வார்டுக்கு ஒரு தாயார் வந்தார்கள். வயது எழுபதுக்கு மேல். இருதய பலவீனம், சர்க்கரை, அதனால் வந்த பாத எரிச்சல். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போனவர்கள் பல மாதங்களாகப் போவதில்லை. கால் வலி என்று மகன் சொன்னார். நாங்களும் அப்படியே எழுதிக்கொண்டோம். ஒரு சாயங்காலம் தலை வாரிவிட்டுக் கொண்டிருந்த எங்கள் நர்ஸிடம்தான் அந்த அம்மா உண்மையைச் சொன்னார்கள். திருவிருந்தின்போது அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதாம். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனமில்லை. கடைசியில் விரலை விட்டு எடுக்க வேண்டியதாயிற்று. பரிசுத்த பந்தியில் இப்படிச் செய்துவிட்டோமே என்ற கூச்சத்தில் போவதையே நிறுத்திவிட்டார்கள்.

ஏன் இதுவரை சொல்லவில்லை என்று கேட்டோம். "வாய் காயுதுன்னு போய் டாக்டர்கிட்ட சொல்லுவாங்களா சிஸ்டர்?" என்றார்கள்.

பிறகுதான் அவர்களுடைய மருந்துச் சீட்டுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தோம். இருதயத்துக்காக நீர் பிரியும் மாத்திரை. பாத எரிச்சலுக்காக அமிட்ரிப்டிலின். எப்போதோ சளிக்கு எழுதி, யாரும் நிறுத்தச் சொல்லாததால் தொடர்ந்து கொண்டிருந்த குளோர்பெனிரமின். மூன்றுமே வாயை உலர்த்தக்கூடியவை. அவற்றில் இரண்டை எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லலாமா? இருதயம் தாங்காது, நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று கட்டளையிட்டவர்களும் நாங்களே. அந்த அம்மாவை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

காதுக்கு முன்னாலும், தாடைக்கு அடியிலும், நாக்குக்கு அடியிலுமாக மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகள் நமக்கு உண்டு. சுகமாயிருக்கிற ஒருவருக்கு நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் ஊறுகிறது. அது வெறும் தண்ணீரல்ல. பல்லை அரிக்கும் அமிலத்தை அது தணிக்கிறது, கிருமிகளை அடக்குகிறது, உணவைக் கரைத்து நாவுக்கு ருசி காட்டுகிறது. வயதானால் வாய் காயத்தான் செய்யும் என்று நாம் சொல்லுவது பாதிதான் உண்மை. வயதைவிட வயதோடு சேர்ந்து வரும் நோய்களும், அவற்றுக்கு நாம் அடுக்கிக் கொடுக்கும் மாத்திரைகளுமே பெரும்பாலும் காரணம். நடுக்குவாதத்துக்கான சில மருந்துகள், சிறுநீர் அடக்க முடியாதவர்களுக்குக் கொடுக்கும் ஆக்சிபுட்டினின், புற்றுநோய் வலிக்கான மார்ஃபின் எல்லாம் இதைச் செய்யும். கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குச் சுரப்பிகளே கெட்டுப்போகலாம்.

இது சின்னத் தொல்லை என்று எண்ண வேண்டாம். பல் செட்டு ஈறில் நிற்காது. ஈறோரம் பல் சொத்தையாகும். நாக்கில் வெள்ளைத் திட்டாகப் பூஞ்சை படரும். சோற்றை விட்டுக் கஞ்சி, கஞ்சியை விட்டுக் காப்பி என்று ஆகாரம் குறைந்து உடம்பு இளைக்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை, ஈரமில்லாத வாயில் சரியாகக் கரையாது. உங்கள் வீட்டில் அந்த மாத்திரை வைத்திருக்கும் பெரியவருக்கு வாயும் காய்கிறதென்றால், முதலில் ஒரு வாய்த் தண்ணீரால் நாக்கை நனைத்துவிட்டு மாத்திரையை வைக்கச் சொல்லுங்கள். இன்றைக்கு நாங்கள் சொன்னதில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

உவமையில் வருகிற ஐசுவரியவான் குடம் நிறையத் தண்ணீர் கேட்கவில்லை. நாவு குளிர விரல் நுனி அளவுதான் கேட்டான். வாய் உலர்ந்தவர்களுக்கு வேண்டியதும் அந்த அளவுதான், ஆனால் அடிக்கடி வேண்டும். அந்த ஒன்றரை லிட்டருக்குள்ளேயே, ஒரே மூச்சில் குடிக்காமல், அரைமணிக்கொரு தரம் ஒரு வாய் வைத்து நாக்கெல்லாம் புரட்டி விழுங்கப் பழக்குகிறோம். சிறிய ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் ஊற்றித் தலைமாட்டில் வைக்கிறோம். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கொப்பளித்துத் துப்பினால் வாயின் பிசுபிசுப்பு போகும். பல் செட்டை இரவில் கழற்றித் தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போட வேண்டும். பலர் கழற்றுவதே இல்லை, பேரப்பிள்ளைகள் பார்த்துவிடுவார்களாம்! சுரப்பியைத் தூண்டுகிற பைலோகார்பின் மாத்திரைக்கு, கதிர்வீச்சினால் வாய் வறண்டவர்களுக்காக அமெரிக்காவில் 1994இல் அனுமதி கிடைத்தது. ஆனால் ஆஸ்துமாக்காரர்களுக்கும் இருதய நோயாளிகளுக்கும் அதை யோசித்துத்தான் கொடுக்க முடியும். எங்கள் வார்டில் பாதிப்பேர் அப்படிப்பட்டவர்கள்.

எங்கள் பழைய தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். கிளிசரினில் எலுமிச்சைச் சாறு கலந்து பஞ்சால் வாயைத் துடைக்க நர்ஸுகளுக்கு வெகுகாலம் கற்பித்துவந்தோம். மணமாக இருக்கும், துடைத்தவுடன் வாயும் ஊறும். பிறகு முன்னைவிட அதிகமாகக் காயும். புளிப்பு பல்லை அரிக்கும். அதை விட்டுவிட்டோம். வெற்றிலை போட்டால் வாய் ஊறுமே என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் போகின்றன, அவை வாய்ப்புற்றைக் கொண்டுவருபவை. வேண்டாம் என்கிறோம், கேட்கிறவர்கள் கொஞ்சம்.

அந்தத் தாயாரின் சளி மாத்திரையை நிறுத்தினோம். எரிச்சல் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தோம். வாய் முழுவதும் ஈரமாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். எரிச்சல் சற்றுக் கூடியதும் உண்மை. ஆனாலும் இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து இரண்டு சாப்பிட்டார்கள். அவர்களுடைய ஆயரிடம் பேசினோம். அப்பத்தைத் திராட்சரசத்தில் தோய்த்துக் கொடுப்பதில் தடையொன்றுமில்லை என்றார். ஆலயத்துக்குப் போய்வந்ததாக மகன் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் அப்படி வீடு திரும்புவதில்லை. கடைசி நாட்களில் இருப்பவர்கள் வாயைத் திறந்தபடி மூச்சு விடுவார்கள். நாக்கு தோல்போல் காய்ந்துவிடும். விழுங்க முடியாதவர்களுக்குத் தண்ணீர் ஊற்றினால் புரையேறும். மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, உதட்டையும் நாக்கையும் மெதுவாக ஒற்ற வேண்டும், மணிக்கு ஒருமுறையாவது. இரவில் வார்டு முழுவதற்கும் இரண்டே நர்ஸுகள். எத்தனை வாயை அவர்கள் நனைப்பார்கள்?

நீங்கள் அனுப்பிய காணிக்கையில் மிருதுவான பிரஷ்களும் ஸ்பிரே பாட்டில்களும் பல் செட்டு டப்பாக்களும் வாங்கினோம். பெரிய செலவில்லை. எங்களிடம் குறைவாக இருப்பது கைகள்தான். வாரத்தில் ஒரு பிற்பகல் வந்து ஒரு படுக்கையருகே உட்கார மனமுள்ளவர்கள் இன்று வாசலருகே எங்களிடம் பெயர் கொடுக்கலாம். துணியை எப்படிப் பிழிவது, நோயாளியை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதையெல்லாம் அரைமணி நேரத்தில் கற்றுக் கொடுத்துவிடுவோம். வரும்போது புளிப்பு மிட்டாய் மட்டும் வாங்கிவர வேண்டாம்.