பத்திரம் வரும் என்று காத்திருந்தோம்

(தோட்டத்துப் பெற்றோர் கூட்டமொன்றில் எமது நிதியத்தின் வெளிக்கள உத்தியோகத்தர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



காலையிலிருந்து மலையேறிக் கொழுந்து பறித்து, நிறுவை முடித்து, களைத்துப்போய் வந்திருக்கிறீர்கள். நீட்டிப் பேச மாட்டோம். ஒரு விடயத்தைத்தான் சொல்ல வந்தோம்.

ஒரு லயத்தில் வயதான அம்மா ஒருவர் தமது தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்த பழைய துண்டொன்றைக் காட்டினார். “எங்கப்பாரு பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டப்ப தபால் கந்தோர்ல குடுத்தது. பதில் வரும், பத்திரமா வைம்மான்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனாரு” என்றார். பதில் வரவேயில்லை. துண்டு மட்டும் இன்னும் பெட்டியில் இருக்கிறது.

இப்படியான துண்டு இல்லாத லயம் மலையகத்தில் குறைவு. 1948ஆம் ஆண்டுச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் மனுப்போட 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதி வரை தவணை கொடுத்தார்கள். சுமார் 8 இலட்சம் பேருக்காக 2 இலட்சத்து 37 ஆயிரம் மனுக்கள் போயின. கலியாணம் முடித்தவர் 7 வருடமும், முடிக்காதவர் 10 வருடமும், 1946 ஜனவரி 1க்கு முன்பே விடாமல் இந்த நாட்டில் இருந்ததைக் காட்ட வேண்டும். எதைக் கொண்டு காட்டுவது? பேர் இருந்ததெல்லாம் செக்ரோலில்தான். விசாரணை, மறுவிசாரணை என்று வருடங்கள் ஓடின. கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான்.

அடுத்து 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. மொத்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். அதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்றார்கள். மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். 15 வருடத்தில் முடியும் என்றார்கள். ஆனால் 7 பேர் அந்தப் பக்கம் என்றால் 4 பேர் இந்தப் பக்கம் என்பது கணக்கு. அங்கே சுணங்கினால் இங்கேயும் சுணங்கும். யாரோ ஒருவர் கப்பல் ஏறும் வரை நமது பத்திரம் காத்திருந்தது. அண்ணன் இந்தியாவுக்கு எழுத, தம்பி இலங்கைக்கு எழுத, குடும்பங்கள் பிரிந்தன. 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு லயத்திலேயே இருந்து போனவர்கள் எத்தனை பேர்!

இனிச் சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக இருந்து வருகிறவர்களுக்கும் அவர்களது பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை தந்தது. அந்த வருடம் டிசம்பரில், 10 நாளில், சுமார் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பிரஜைகளானார்கள். 55 வருடம் எங்கே, 10 நாள் எங்கே!

அப்படியானால் காத்திருந்தது வேலை கூடியதாலா? இல்லை. முன்பு “நீ யார் என்று நிரூபி” என்று நம்மைக் கேட்டார்கள். 2003இல் நாம் எழுதிக் கொடுத்த பிரகடனத்தை ஏற்றுக்கொண்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் தாத்தாமார் பொறுமையில்லாமல் தோற்கவில்லை. கையில் பத்திரம் இல்லாததால் தோற்றார்கள்.

பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது, இனி என்ன என்று இருந்துவிடாதீர்கள். இன்றைக்கும் அடையாள அட்டை வரவில்லை, பரீட்சைக்குப் போக முடியவில்லை, சேமலாப நிதிப் பணம் எடுக்க முடியவில்லை என்று வருகிறவர்களைப் பார்க்கிறோம். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பிறப்பு பதியப்படவில்லை, இல்லாவிட்டால் பேர் பிழை. தகப்பன் பேர் ஒரு பத்திரத்தில் செல்லையா, இன்னொன்றில் செல்லன். வீட்டில் கூப்பிடுவது ஒரு பேர், செக்ரோலில் வேறொரு பேர்.

ஆகவே அன்பானவர்களே, பிள்ளை பிறந்தால் மூன்று மாதத்துக்குள் பதிவு செய்யுங்கள். பதியாத பெரியவர்கள் இருந்தால் காலங்கடந்த பதிவுக்கு வழியுண்டு. கிராம உத்தியோகத்தரைக் கேளுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையொப்பம் வையுங்கள். மூலப் பத்திரத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பிரதி எடுத்துக் கொடுங்கள். விண்ணப்பம் கொடுத்தால் பற்றுச்சீட்டும் திகதியும் கேட்டு வாங்குங்கள். சொன்ன நாளில் வராவிட்டால் மறுபடி போய்க் கேளுங்கள். கேட்பது வெட்கமில்லை. “நான் முடிச்சுத் தாறேன்” என்று காசு கேட்கிறவரிடம் ஏமாறாதீர்கள்.

அந்த அம்மாவின் பெட்டியில் துண்டுதான் இருந்தது. உங்கள் பேரப்பிள்ளைகள் பெட்டியைத் திறக்கிற அன்றைக்கு அதில் பத்திரம் இருக்கட்டும்.