மறைக்காமல் சொன்னால் மருந்து உண்டு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரை படிச்சவ. மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கறவை மாடு வாங்கணும்னு எங்க குழுவில் 30,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். தீர்மான நோட்டிலும் அப்படித்தான் இருக்கு. ஆனா மாடு வாங்கவே இல்லை. "எத்தனை லிட்டர் கறக்குது?"ன்னு ஊக்குநர் அக்கா கேட்கும்போதெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிச்சேன். தவணையை மட்டும் தவறாமல் கட்டினேன்.

அந்தப் பணம் என் தம்பிக்காகப் போச்சு. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவனுக்குக் கூட்டாளிங்க கஞ்சாவைப் பழக்கிவிட்டாங்க. ஊருக்குத் திரும்பி வந்தப்போ ஆளே மாறிப்போயிருந்தான். தூக்கம் கிடையாது, தனக்குத்தானே பேச்சு, ஏதாவது கேட்டால் கோபம். அம்மாவோட தோட்டையும் அடகு வெச்சுட்டான்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு என் வீட்டுக்காரர் சொன்னார். நான்தான் வேண்டாம்னேன். கஞ்சான்னு சொன்னா போலீசுக்குப் போயிடும், கேஸ் ஆயிடும்னு பயம். யாருக்கும் தெரியாமல் தூரத்தில் ஒரு தனியார் இல்லத்தில் 30,000 கட்டிச் சேர்த்தோம். நாற்பது நாள் பார்க்கவே விடலை. அப்புறம் பார்த்தால் கணுக்காலில் சங்கிலித் தழும்பு. அங்கே டாக்டரே வர்றதில்லையாம். அன்னைக்கே கூட்டிக்கிட்டு வந்துட்டோம். பணம் திரும்பி வரலை.

அதுக்கப்புறம் தாலுகாவில் நடந்த சட்ட விழிப்புணர்வு முகாமில் ஒரு வக்கீல் அம்மாகிட்ட தனியாகப் போய் அழுதேன். அவங்க சொன்னதை நோட்டில் எழுதி வெச்சிருக்கேன். அதைத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தேன்.

ஒண்ணு: 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கு. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்தினதுக்காகவோ சிறிய அளவு வெச்சிருந்ததுக்காகவோ வழக்கில் சிக்கியிருந்தாலும், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுத்துக்கிட்டால் அந்தக் குற்றத்துக்காக அவரைத் தண்டிக்க மாட்டாங்க. ஆனால் சிகிச்சையை முழுசா முடிக்கணும். பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்ப எடுத்துக்கலாம்.

இரண்டு: 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம். குடியாலும் போதையாலும் வருகிற மனப் பாதிப்பும் நோய்தான்னு இது சொல்லுது. அரசு நடத்தும் இடங்களில் சிகிச்சை பெறுவது உரிமை. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு, அதற்கான கார்டு கையில் இல்லைன்னாலும், இலவசம். நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது. சிகிச்சை தரும் இல்லம் பதிவு செய்திருக்கணும். இது தெரிஞ்சிருந்தால் சேர்க்கிறதுக்கு முன்னால் பதிவுச் சான்றிதழைக் கேட்டிருப்பேன்.

மூன்று: 2024-ல் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்தால் அறுபது பேருக்கு மேல் செத்துப்போனதை நாம மறக்க முடியாது. அதுக்கப்புறம் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, அப்படி விற்று உயிர் போனால் ஆயுள் தண்டனை வரைக்கும் கொண்டு வந்திருக்காங்க.

விற்கிறவனுக்கு ஜெயில், சிக்கினவனுக்கு மருந்து. நாமதான் இரண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்டுப் பயப்படுறோம்.

மறுவாரமே மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். டாக்டர் போலீசைப் பத்திப் பேசவே இல்லை. "எத்தனை நாளா தூக்கம் இல்லை?"ன்னுதான் கேட்டார். பதினெட்டு நாள் உள்ளே இருந்தான். மருந்துக்கும் ஆலோசனைக்கும் காசு வாங்கலை. பஸ் சார்ஜும் சாப்பாட்டுச் செலவும்தான். நடுவில் பொங்கலுக்கு வந்த கூட்டாளிங்களோட சேர்ந்து மறுபடியும் புகைச்சுட்டான். திரும்பக் கூட்டிப் போனோம். "சர்க்கரை நோயாளி ஒருநாள் இனிப்பு சாப்பிட்டா வைத்தியத்தை விட்டுடுவோமா?"ன்னார் டாக்டர். இப்போ உள்ளூரில் பெயிண்ட் வேலைக்குப் போறான். மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வர்றான். முழுசா சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன்.

போன மாசம் குழுக் கூட்டத்தில் எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் ஒரு அக்கா மெதுவா, "எங்க வீட்டுக்காரரை எந்தக் கிழமை கூட்டிப் போகணும்?"னு கேட்டாங்க. தீர்மான நோட்டில் "கறவை மாடு" என்பதற்குக் கீழே "மருத்துவச் செலவு"ன்னு திருத்தி எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். போதை சிகிச்சையையும் அவசர மருத்துவக் கடனில் சேர்க்கணும். முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது துணைக்கு ஒரு உறுப்பினரை அனுப்பணும். போன் பண்ணிக் கேட்க மனநலத்துக்கு 14416, போதை மீட்புக்கு 14446. இரண்டும் இலவச எண்கள். குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைங்க.

நம்ம நோட்டில் இனிமேல் இல்லாத மாடு வேண்டாம்.